உடைந்தால் தெரிகிற வகை

கடையில் கம்ப்ரசர் ஓடும் சத்தம் கேட்டால், யாருடைய டயருக்கோ காற்று ஏறுகிறது என்றுதான் தெருவில் எல்லாரும் நினைத்துக்கொள்வார்கள். பாதி நேரம் அது சரிதான். மீதி நேரம் பின்னறையில் பஞ்சரக்காவுக்கு அடி விழுந்துகொண்டிருக்கும்.

அடிக்கிறவன் அவளுடைய கணவன், கடை முதலாளி. அடிப்பதற்கு முன்னால் போய்க் கம்ப்ரசரைப் போட்டுவிட்டு வருகிற அளவுக்கு நிதானமான ஆள். கோபத்தில் கை நீட்டிவிட்டேன் என்று பின்னாளில் வாய் கூசாமல் சொன்னான். கண்மண் தெரியாத கோபம் வந்தவன் சுவிட்சைத் தேடிப் போவானா?

ஊரில் அவனுக்குத் தங்கம் என்று பேர். தங்கமான மனுஷன், தங்கமான மனுஷன் என்று ஆளாளுக்குச் சொல்லிச் சொல்லி அதுவே பட்டப்பெயராக ஒட்டிக்கொண்டது. சாவு வீட்டில் முதல் ஆளாக நாற்காலி இறக்குவான். போலீஸ் ஜீப்புக்கு இலவசமாகக் காற்று அடித்துக் கொடுப்பான். கிழவிகள் ரோட்டைத் தாண்ட நின்றால் கையைப் பிடித்து அழைத்துப் போவான். சிரித்தால் கடைவாய்ப் பல் வரைக்கும் தெரியும். நாமும் அவனைத் தங்கம் என்றே சொல்வோம், வயிற்றெரிச்சலோடு.

பஞ்சரக்கா என்பது லாரி டிரைவர்கள் அவளுக்கு வைத்த பேர். ஒல்லியான உடம்பு, அதற்குச் சம்பந்தமே இல்லாத முன்னங்கைகள். டயருக்கும் ரிம்முக்கும் நடுவே நெம்புகிற இரும்பு லிவர் இரண்டைச் சொருகி, எகிறி ஒரு அழுத்து அழுத்தினால் லாரி டயர் வாயைப் பிளந்துகொண்டு வரும். உள்ளே இருந்து ட்யூபை உருவி, காற்றடித்து, தண்ணீர்த் தொட்டியில் முக்கி, குமிழி வருகிற இடத்தில் விரலை வைப்பாள். பிறகு அந்த இடத்தைச் சுரண்டி, பசை தடவி, துண்டு ஒட்டி, சுத்தியலால் நாலு தட்டு. அப்பா அம்மா சின்ன வயதிலேயே போய்விட, அண்ணனுடைய லாரி ஷெட்டில் வளர்ந்தவள் அவள். மற்ற பெண்கள் பாண்டி ஆடிய வயதில் அவள் ஜாக்கி ஏற்றிக்கொண்டிருந்தாள்.

அங்கேதான் தங்கம் அவளைப் பார்த்தான். ஒற்றையாளாக ஒரு பின்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தாள். பார்த்த மாத்திரத்தில் கட்டினால் இவளைத்தான் கட்டுவேன் என்று நின்றான். அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. பெண்டாட்டியும் வேண்டும், கடைக்கு ஆளும் வேண்டும் என்று அலைந்தவனுக்கு இரண்டும் ஒரே இடத்தில் கிடைத்துவிட்டது என்று யாருக்கும் தோன்றவில்லை.

முதல் அடி, ஒரு டிரைவரிடம் சிரித்துப் பேசியதற்கு. இரண்டாவது அடி, சிரிக்காமல் உம்மென்று இருந்ததற்கு. அதற்குப் பிறகு காரணம் தேடுகிற வேலையை அவன் விட்டுவிட்டான். ஆனால் இடம் மட்டும் ஒருநாளும் மாறியதில்லை. காலருக்குக் கீழே, இடுப்புக்கு மேலே, முன்பக்கம். முஷ்டியால் குத்துவான், கீழே தள்ளி முழங்காலை நெஞ்சில் ஊன்றுவான், மனசு சரியில்லாத நாட்களில் டயரைத் தட்டி உட்கார வைக்கும் ரப்பர் சுத்தியலை எடுப்பான். ஒருமுறை வயிற்றில் தங்கிய கரு, அவன் உதைத்த உதையில் கலைந்து போனது. உடம்பில் தெம்பில்லை, நிற்கவில்லை என்று ஆஸ்பத்திரி வாசலில் அழுதுகொண்டே சொன்னான் தங்கம். கூட நின்றவர்கள் அவனைத்தான் தட்டிக்கொடுத்தார்கள்.

மூன்று தடவை அவள் அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். மூன்று தடவையும் அண்ணனே கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். அவர் கெட்டவர் இல்லை. தங்கைக்கு ஒரு முள் குத்தினால் தாங்காதவர்தான். ஆனால் கண்ணால் பார்த்ததைத்தான் நம்புவார். லாரி வாங்கினாலும் அப்படித்தான், யார் என்ன சொன்னாலும் காதில் போட்டுக்கொள்ளாமல் அடியில் படுத்துப் பார்த்துவிட்டுத்தான் விலை பேசுவார்.

"எங்கம்மா அடிச்சாரு? காட்டு, பாக்கறேன்" என்றார் முதல் தடவை.

அவள் கையைத் தூக்கி நெஞ்சில் வைத்தாள். அண்ணன் சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். காது மடல் சிவந்துவிட்டது. கூடப்பிறந்தவனிடம் எந்தத் தங்கை அதைத் திறந்து காட்டுவாள்? எந்த அண்ணன் பார்ப்பான்? தங்கம் அந்த இடத்தைச் சும்மா தேர்ந்தெடுக்கவில்லை என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

அண்ணி உள்ளே கூட்டிப் போய்ப் பார்த்தாள். நெஞ்சு முழுக்கக் கறுப்பும் மஞ்சளுமாகக் கன்றிக் கிடந்தது. அண்ணி பார்த்தாள், நன்றாகவே பார்த்தாள். ஏற்கெனவே இரண்டு அறை வீட்டில் ஐந்து பேர். வெளியே வந்து புருஷனிடம் சொன்னாள்:

"டயரு நழுவி விழுந்துச்சுன்னு மாப்பிள்ளை ஃபோன்ல சொன்னாருல்ல? அப்படித்தாங்க இருக்கு."

அவ்வளவுதான். தங்கம் ஒரு பை நிறையப் பழத்தோடு வந்தான், அண்ணன் காலைத் தொடாத குறையாக மன்னிப்புக் கேட்டான், அழைத்துக்கொண்டு போனான். அன்று மாலை கம்ப்ரசர் வெகுநேரம் ஓடியது. போலீஸுக்கும் ஒருமுறை போனாள். தங்கமா, நம்ம தங்கமா என்று அங்கிருந்த ஏட்டு கேட்ட கேள்வியிலேயே, புகாரைச் சொல்லி முடிக்காமல் திரும்பி நடந்துவிட்டாள்.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒருநாள் தங்கத்துக்குப் புது ஆசை வந்தது. கூட்டாளி ஒருவனுடைய மனைவி மார்பைப் பெரிதாக்கும் ஆபரேஷன் செய்துகொண்டு வந்திருக்கிறாள். அவளைப் பார்த்துவிட்டு வந்தவன் பஞ்சரக்காவை மேலும் கீழும் பார்த்தான்.

"பலகை மாதிரி இருக்க. நாமளும் வெச்சிரலாம்டி. உனக்காகத்தான் சொல்றேன்."

அடிக்க இடம் போதவில்லை போலிருக்கிறது என்று மனசுக்குள் நினைத்துக்கொண்டு, தொட்டியில் ட்யூபை முக்கினாள். மறுத்துப் பேசினால் என்ன விழும் என்று தெரியும். ஆனால் உள்ளதையும் சொல்லிவிட வேண்டும். அவளுக்கும் அந்த ஆசை ஒரு ஓரத்தில் இருந்தது. ஷெட்டில் ஆண்பிள்ளைச் சட்டையோடு வளர்ந்தவள். கடைக்கண்ணாடியில் தன் சட்டை தொளதொளவென்று தொங்குவதைப் பார்த்து எத்தனையோ தடவை முகம் சுளித்திருக்கிறாள். அடிக்கிறவன் சொல்லிவிட்டான் என்பதற்காக ஆசை அவனுடையதாகிவிடாதே.

டாக்டர் ஒரு நடுவயதுப் பெண்மணி. பேச்சில் வெட்டு ஒன்று துண்டு இரண்டு. தங்கம் நாற்காலியில் காலைப் பரப்பி உட்கார்ந்து, இருப்பதிலேயே பெரிய சைஸ் என்றான். டாக்டரம்மா அவனை ஒரு பார்வை பார்த்தார்.

"சைஸை நீங்களும் நானும் முடிவு பண்ண முடியாது. அவங்க நெஞ்சோட அகலம்தான் முடிவு பண்ணும். அளவெடுக்கணும், வெளியே இருங்க."

சட்டையைக் கழற்றியதும் டேப்பை எடுத்த கை நின்றது. வலது பக்கம் ஒரு வாரத்துக் காயம், பச்சையும் மஞ்சளுமாக. இடது பக்கம் புதுசு, இன்னும் ஊதாவாகவே இருந்தது.

"இது என்னம்மா?"

"டயரு விழுந்துச்சுங்க."

"ரெண்டு பக்கமும், ரெண்டு தேதியில விழுந்துச்சா?"

டாக்டரம்மா டேப்பைச் சுருட்டி வைத்தார்.

"இது மேல நான் கத்தி வெக்க மாட்டேன். காயம் சுத்தமா ஆறட்டும். அப்புறம் நீங்க தனியா வாங்க. வேணும்னு நீங்க சொன்னா பேசலாம், வேண்டாம்னு சொன்னா ஒரு காப்பி குடிச்சிட்டுப் போங்க. உதவி வேணும்னாலும் சொல்லுங்க, எங்க போகணும்னு நான் சொல்றேன்."

வெளியே வந்து தங்கத்திடம் ஒரு போடு போட்டார். ரெண்டு மாசத்துக்கு நெஞ்சில் தூசி விழக்கூடாது, ஒரு சின்னக் கீறல் இருந்தாலும் திருப்பி அனுப்பிவிடுவேன் என்றார். அந்த இரண்டு மாதமும் கம்ப்ரசர் காற்று மட்டுமே அடித்தது. கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் குப்புறப் படுத்துத் தூங்கியது அப்போதுதான்.

ஒரு வீட்டுப்பாடமும் கொடுத்திருந்தார் டாக்டரம்மா. மெல்லிய காலுறைகளில் தானியத்தை நிரப்பி, முடிச்சுப் போட்டு, உள்ளாடைக்குள் வைத்துக்கொண்டு வேலை செய்து பார்க்க வேண்டும். எந்த அளவு தனக்குச் சரிப்படும் என்று உடம்பே சொல்லிவிடுமாம். பஞ்சரக்கா வைத்துக்கொண்டு லிவர் போட்டாள். பெரிய முடிச்சு இரண்டும் தாடையில் வந்து இடித்தன. ஒன்று பிய்ந்து தானியம் பூராவும் தண்ணீர்த் தொட்டிக்குள் கொட்டிவிட்டது. காற்றுக்கு நின்ற டிரைவர் ஒருவன், என்னக்கா, தொட்டியில பொங்கல் வெக்கிறியா என்று கேட்டான். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சின்ன முடிச்சோ இருக்கும் இடமே தெரியவில்லை. அதற்கு ஒரு அளவு மேலே கட்டி வைத்துக்கொண்டு, கதவைச் சாத்திக் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். பிடித்திருந்தது. அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

தனியாகப் போனாள். வேண்டும் என்றாள். டாக்டரம்மா திரும்பத் திரும்ப நாலு விதமாகக் கேட்டார், நாலு தடவையும் வேண்டும் என்றே சொன்னாள். அதற்குப் பிறகுதான் மேஜையில் இரண்டு பைகளை எடுத்து வைத்தார்.

"இது ஜெல். உள்ள கெட்டியான பாகு மாதிரி இருக்கும். தொட்டா நம்ம சதை மாதிரியே இருக்கும், அதனால நிறையப் பேரு இதைத்தான் கேப்பாங்க. இது உப்புத்தண்ணி. வெறும் உறையைச் சுருட்டி உள்ள வெச்சு, அப்புறம் குழாய் வழியா நிரப்புவோம். தழும்பு சின்னதா இருக்கும். ஆனா நீங்க ஒல்லி, சுருக்கம் தெரியலாம். தசைக்கு அடியில வெச்சா அது கொஞ்சம் மறையும். அப்படி வெச்சா கடையில டயர் லிவரை அழுத்தும்போது அசையும், அதையும் சொல்லிடறேன். எனக்கென்னமோ உங்களுக்கு ஜெல்தான் நல்லதுன்னு தோணுது."

அவள் இரண்டையும் கையில் எடுத்து அழுத்திப் பார்த்தாள். பழக்கதோஷம், உப்புத்தண்ணீர்ப் பையின் வால்வை விரல் தானாகத் தேடிப் பிடித்தது.

"உடைஞ்சா என்னாகும்?"

"ஜெல் உடைஞ்சா வெளியே ஒண்ணும் தெரியாது. பாகு உள்ளயே நிக்கும். வருஷக்கணக்கா தெரியாமலே இருக்கறவங்களும் உண்டு, ஸ்கேன் எடுத்தாத்தான் தெரியும். தண்ணி அப்படி இல்ல. ஓட்டை விழுந்தா ஒரு நாள், ரெண்டு நாள்ல சப்புன்னு ஆயிடும். தண்ணியை உடம்பு உறிஞ்சிக்கும், அதனால கெடுதல் இல்ல. ஆனா பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சிடும்."

பஞ்சரக்கா உப்புத்தண்ணீர்ப் பையைத் தன் சட்டைக்கு மேலே வைத்துப் பார்த்தாள்.

"சட்டைக்கு மேலயே தெரியுமா?"

"நல்லாவே தெரியும். ஏன் கேக்கறீங்க?"

"கழட்டிக் காட்ட வேண்டியதில்லையே?"

டாக்டரம்மா அவள் முகத்தையே பார்த்தார். அவருக்கு எவ்வளவு புரிந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"தண்ணியே வைங்கம்மா" என்றாள்.

தங்கத்தைச் சம்மதிக்க வைப்பது பெரும்பாடு என்று பயந்துகொண்டுதான் வீட்டுக்கு வந்தாள். அவனுக்குத் தொட்டால் எப்படி இருக்கும் என்பதுதானே முக்கியம். ஆனால் வால்வு என்று அவள் சொல்லி வாய் மூடுவதற்குள் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"வால்வா? அட, நம்ம ட்யூபு மாதிரி?"

"அதேதாங்க. ஓட்டை விழுந்தா உடனே தெரிஞ்சிரும், மாத்திக்கலாம். ஜெல்லுல தெரியவே தெரியாதாம், உள்ளயே கெடக்குமாம்."

தொழிலில் ஊறியவனுக்கு அது பளிச்சென்று பிடித்துப்போனது. தெரியாமல் கசியும் டயரால் குடும்பத்தோடு கவிழ்ந்த வண்டிகளை எத்தனை பார்த்திருக்கிறான். ட்யூப்தான் நம்பகமானது, நான் சொல்கிறேன் தண்ணிதான் என்று தானே கண்டுபிடித்ததுபோல முடிவெடுத்தான். அவளும், சரிங்க, நீங்க சொன்னா சரி என்றாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. லிவரைத் தொடக்கூடாது என்று டாக்டரம்மா சொன்ன நாட்கள் முடிந்து மறுபடி கடைக்கு வந்தபோது சட்டை சட்டையாக நின்றது. பொருந்துகிற மாதிரி புதுசாக இரண்டு தைத்துக்கொண்டாள். நடக்கும்போது முதுகு தானாக நிமிர்ந்தது.

அண்ணன் வீட்டில் ஒரு மதிய விருந்துக்குப் போயிருந்தார்கள். இரண்டு கிளாஸ் உள்ளே போனதும் தங்கத்துக்கு வாய் நிற்கவில்லை. நேராகச் சொல்ல மட்டும் கொஞ்சம் கூச்சம் மிச்சமிருந்தது.

"மச்சான், வீட்டு வண்டிக்குப் புது ட்யூப் போட்டிருக்கேன். பாத்தீங்கல்ல? தண்ணி ட்யூப். நானே பாத்து எடுத்தது. சும்மா சொல்லக்கூடாது, லாரி ஏறினாத்தான் உடையும். கேரண்டி."

அண்ணி சமையலறைக்குள் ஓடிவிட்டாள். அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. தலையைக் குனிந்தவர் சாப்பிட்டு முடிக்கும் வரைக்கும் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. கழுத்து வரைக்கும் சிவந்து கிடந்தது. பஞ்சரக்காவுக்கு உடம்பு கூசியது, பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. ஆனாலும் ஒன்றைக் கவனித்தாள். அந்தக் கேரண்டியை அண்ணன் கேட்டுவிட்டார்.

அதன் பிறகு ஒரு வருஷம் போல அவளுடைய நெஞ்சுக்கு விடுமுறை. காசு கொடுத்து வாங்கிய பொருளைக் கெடுத்துக்கொள்ளத் தங்கம் ஒன்றும் முட்டாள் இல்லை. முதுகில் அடித்தான், தொடையில் மிதித்தான், வெளியே தெரியாதபடி உள்ளங்காலில் லிவரால் போட்டான். கம்ப்ரசர் பழையபடி உழைத்தது. அவள் காத்திருந்தாள் என்று சொன்னால் அது பொய். எந்தப் பெண் தன் நெஞ்சு உடையக் காத்திருப்பாள், அதுவும் அவளுக்கே பிடித்துப்போன நெஞ்சு. எப்போதும் போலப் பயந்தாள். குளிக்கும்போது இரண்டு பக்கமும் சமமாக இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள். இருந்தால் நிம்மதிப் பெருமூச்சு வரும். இன்னொரு பக்கம், இன்னும் எத்தனை நாளைக்கு என்று மனசு கேட்கும்.

ஒரு வெயில் நேரத்துப் பகலில் அது நடந்தது. புதிதாக வந்த டிரைவர் ஒருவன் டயர் மாட்டி முடிக்கும் வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊருக்கே காட்டுவதற்காக வாங்கியவனுக்கு ஒருத்தன் பார்த்ததும் பொறுக்கவில்லை. லாரி கிளம்பிப் போனது. தங்கம் போய்க் கம்ப்ரசரைப் போட்டான்.

"அவன் எங்கடி பாத்தான்? இங்கதான?"

பதிலுக்கு நிற்கவில்லை. ரப்பர் சுத்தியலை எடுத்து, எந்த இடத்தை ஒரு வருஷமாகத் தொடாமல் வைத்திருந்தானோ அதே இடத்தில் இறக்கினான். இடது பக்கம். அவள் பின்னால் சாய்ந்து ரிம் அடுக்கின் மேல் விழுந்தாள். ரிம்கள் உருண்டன. மறுபடி தூக்கி இறக்கினான். உள்ளே எதுவோ முறிந்தது, எலும்பு. முடியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி மூன்றாவதாக இறக்கியபோது இன்னொன்றும் விட்டுக்கொடுத்தது. சத்தமில்லாமல், ஒரு சூடு பரவுகிற மாதிரி. மூச்சை இழுத்தால் கத்தி சொருகியது. தரையில் கிடந்தபடி அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு, நல்லவேளை, கத்தவில்லை என்று நினைத்தாள். பிறகு, ஏன் நல்லவேளை என்று யோசித்தாள்.

மறுநாள் மதியத்துக்குள் இடது பக்கம் சப்பென்று போய்விட்டது. வலது பக்கம் நிமிர்ந்து நின்றது. தங்கம் டயர் வாங்க வெளியே போயிருந்தான். அவள் புதிதாகத் தைத்ததில் இறுக்கமான வெளிர்நிறச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டாள். மேலே போர்த்திக்கொள்ள எதையும் எடுக்கவில்லை. பஸ்ஸில் ஏறினாள். ஏறினவர்கள் இறங்கினவர்கள் எல்லாரும் பார்த்தார்கள், பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். வழியெல்லாம் அழுதாள். வலி பாதி, வெட்கம் பாதி. ஆனால் கையால் மறைக்கவில்லை.

அண்ணன் ஷெட்டில் ஒரு லாரிக்கு அடியில் படுத்திருந்தார். அவள் செருப்பை அடையாளம் கண்டு வெளியே வந்தார். எழுந்து நின்றார். பார்த்தார். எப்போதும் போல முகம் ஒருதரம் திரும்பியது. பிறகு தானாகவே மெல்லத் திரும்பி வந்து அவள் மேல் நின்றது.

"அண்ணே" என்றாள். "எங்கன்னு கேளுங்க."

அவர் கேட்கவில்லை. தோளில் கிடந்த அழுக்குத் துண்டை எடுத்து, உதறி, அவளுக்குப் போர்த்திவிட்டார். அண்ணி தண்ணீரோடு வந்தவள், பாதி வழியிலேயே நின்றுவிட்டாள். செம்பை வைத்த இடம் கூட அவளுக்கு நினைவில்லை. அன்று முழுவதும் யார் முகத்தையும் அவள் பார்க்கவில்லை.

தங்கம் வந்தான். பழப்பை கையில். கடைவாய்ப் பல் வரை சிரிப்பு.

"மச்சான், வால்வு லீக்காயிருச்சு போல. இதுக்குப் போயி கோவிச்சுக்கிட்டு வந்துட்டா. கம்பெனிக்காரனைக் கேக்கணும். வாடி, போலாம்."

"லாரி ஏறினாத்தான் உடையும்னு சொன்னீங்களே மாப்பிள்ளை" என்றார் அண்ணன், நிதானமாக.

"அது... ஒரு பேச்சுக்குச் சொன்னேன்."

"எந்த லாரி?"

தங்கம் சிரித்துப் பார்த்தான்.

"என் லாரி எல்லாம் இங்கதான் நிக்குது. நல்லா எண்ணிப் பாருங்க. எந்த லாரி இவ மேல ஏறுச்சு?"

ஷெட்டில் வேலை செய்துகொண்டிருந்தவர்கள் கையிலிருந்ததை வைத்துவிட்டு நிமிர்ந்தார்கள். தங்கத்தின் சிரிப்பு நின்றது. அது நின்றால் என்ன வரும் என்று தெரிந்த ஒரே ஆள் பஞ்சரக்காதான். அந்த இடத்தில் கம்ப்ரசர் இல்லை, சுவிட்ச் இல்லை. அவள் பக்கம் பாய்ந்து பளாரென்று கன்னத்தில் அறைந்தான்.

"என்னடி சொல்லி வெச்ச?"

ஐந்து விரலும் பதிந்தன. அத்தனை வருஷத்தில் காலருக்கு மேலே விழுந்த முதல் அடி அது. அடுத்த நொடி அண்ணன் அவன் சட்டையைப் பிடித்துத் தூக்கி லாரிக் கதவில் மோதினார். பழங்கள் சிதறி எண்ணெய்த் தரையில் உருண்டன. வயிற்றில் ஒரு குத்து, விலாவில் ஒரு குத்து. தங்கம் மடங்கினான். அண்ணன் தூக்கி நிறுத்தி மறுபடி வயிற்றில் குத்தினார்.

"அங்க வேணாம்ணே" என்றாள் பஞ்சரக்கா.

அண்ணன் திரும்பிப் பார்த்தார். தடுக்கிறாளோ என்று நினைத்திருப்பார்.

"அங்க அடிச்சா வெளியே தெரியாது. மூஞ்சில அடிங்க."

அண்ணன் அடித்தார். மூக்கு உடைந்தது, முன்பல் இரண்டு போயின. வேலையாட்கள் நாலு பேர் சேர்ந்து இழுக்காவிட்டால் உயிரும் போயிருக்கும். இதெல்லாம் நியாயமா என்று கேட்பவர்கள் கேட்டுக்கொள்ளட்டும். வழக்கு இரண்டு பக்கமும் நடந்தது. அண்ணன் தன் பங்குக்குக் கொஞ்ச காலம் உள்ளே இருந்துவிட்டு வந்தார், முகம் கோணவில்லை. டாக்டரம்மா வந்து சாட்சி சொன்னார். ஸ்கேன் எடுத்துப் பார்த்தேன், வால்வு நன்றாக இருக்கிறது, உறைதான் கிழிந்திருக்கிறது, அதற்கு நேர் கீழே இரண்டு விலா எலும்பு முறிந்திருக்கிறது, முன்பு பார்த்த காயங்களும் எனக்கு நினைவிருக்கின்றன என்றார். அப்போது பேசாமல் விட்டதற்கு வருத்தப்படுகிறேன் என்றும் சொன்னார், யாரும் கேட்காமலே. தங்கம் உள்ளே போனான். கோணல் மூக்கும் பல் இல்லாத சிரிப்புமாக வெளியே வந்தபோது அவனைத் தங்கம் என்று கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை.

அதற்கெல்லாம் முன்பே, எலும்பு கூடியதும், பஞ்சரக்கா டாக்டரம்மா முன்னால் போய் உட்கார்ந்தாள். அண்ணன் ஷெட் வாசலிலேயே தனியாகப் பஞ்சர் கடை போட்டிருந்தாள். அதே தண்ணீர்த் தொட்டி. கம்ப்ரசர் மட்டும் புதுசு. பழைய கம்ப்ரசர் மாதிரியே சத்தம் போட்டால் சரிப்படாது என்று கடை கடையாக ஏறி, சத்தம் கேட்டுக் கேட்டு வாங்கியது.

"ரெண்டையும் எடுத்துடலாமா?" என்று கேட்டார் டாக்டரம்மா. "நிறையப் பேரு அப்படித்தான் கேப்பாங்க. எனக்கும் அதுதான் சரின்னு படுது."

"எதுக்குங்க எடுக்கணும்? எனக்குப் பிடிச்சிருந்துச்சு. போன தடவை அவருக்காக நான் ஒரு அளவு கூட்டிக் கேட்டேன். இப்ப, அன்னிக்கு நான் காலுறையில கட்டிப் பாத்தேனே, அந்தச் சின்னதுக்கு ஒரு அளவு மேல வைங்க, போதும்."

"சரி. அப்ப மறுபடியும் தண்ணியா?"

அவள் மேஜையில் இருந்த இரண்டு பைகளையும் எடுத்து அழுத்திப் பார்த்தாள். ஒன்றைக் கீழே வைத்தாள்.

"இந்தத் தடவை ஜெல் வைங்கம்மா."

"அது உடைஞ்சா வெளியே தெரியாதுன்னு சொன்னேனே. அப்பப்ப வந்து ஸ்கேன் எடுத்துப் பாக்கணும்."

"வந்து பாத்துக்கறேன்" என்றாள் பஞ்சரக்கா. "ஊருக்குத் தெரியணும்னு இப்ப எனக்கு ஒண்ணுமில்ல."